விண்வெளித் தொலைநோக்கிகளின் பழுதும் ஆயுளும்

(மும்பையில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடை கம்பனுக்கும் இளங்கோவுக்கும் பழகிய மேடை. இவ்வாண்டு அறிவியற் பொருள் பற்றியும் ஓர் உரை நிகழ்தல் வேண்டும் என்று செயற்குழுவினர் விழைந்தனர்; அப்பணியை எம்மிடம் ஒப்படைத்தனர். யாம் வானநூல் கற்றுத் தேர்ந்தவர் அல்லோம். இரயில்வேப் பட்டறையில் பழுதுபட்ட எஞ்சின்களோடு 34 ஆண்டுகள் கழித்தோம். எம் கல்வி அவ்வளவே. எனவே விண்மீன்களின் பிறப்பையும் இறப்பையும் பற்றி யாம் விரித்துரைத்தால் அது தகுதிக்கு மீறிய செயலாகும். ஆனால் அவ்விண்மீன்களைக் காண்பதற்கென்று வானில் ஏற்றிவைத்த தொலைநோக்கிகள் எங்ஙனம் பழுதுபடுகின்றன, எத்துணைக் காலம் உழைக்கின்றன, பழுது நேர்ந்தபோது மக்கள் என்ன செய்தனர் என்பவற்றைப் பட்டறையில் உழைத்தவர் கண்கொண்டு சொல்லுதல் எம்மால் இயலும். அதனையே இன்று சொல்ல வந்துள்ளோம்.

தொலைநோக்கியை வானில் ஏற்றுவானேன் என்று சிலர் கேட்கலாம். நம் தலைக்கு மேலுள்ள காற்று ஒரு நிலையில் நில்லாது நடுங்குகிறது. விண்மீன் மினுக்குவது அதனாலேதான். அன்றியும், புற ஊதா ஒளியிற் பெரும்பகுதியையும் எக்ஸ் கதிர்களையும் அகச்சிவப்புக் கதிர்களிற் பலவற்றையும் அக்காற்றே விழுங்கிவிடுகிறது. காற்றுக்கு மேலே சென்றால் இவ்விடர்ப்பாடுகள் நீங்கும். ஆனால் அங்கே எண்ணெய் விடுவார் இல்லை. திருகு முடுக்குவார் இல்லை. மலையுச்சியில் உள்ள தொலைநோக்கி கெட்டால் ஆள் ஏறிப் போய்ப் பார்க்கலாம். 600 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்ற ஒன்று கெட்டால் என்ன செய்வது?

இவ்வினாவிற்கு விடை காண ஹபிள் தொலைநோக்கியின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த நூல் இல்லை. அதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1990ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் அமெரிக்காவின் டிஸ்கவரி விண்ணோடம் அதனைச் சுமந்து சென்றது. அதன் முதன்மைக் குழியாடி 2.4 மீட்டர் அகலம் உடையது. அதுகாறும் மனிதர் மெருகேற்றிய பெரிய ஆடிகளுள் அத்துணை வழவழப்பானது வேறில்லை என்று அந்நாளில் பெருமை பேசினர். அது பொய்யன்று. ஆயினும் இரண்டு திங்களுக்குள் உண்மை புலனாயிற்று. ஆடி மிகத் துல்லியமாகத்தான் செய்யப்பட்டிருந்தது; ஆனால் தவறான வடிவிற்குத் துல்லியமாகச் செய்யப்பட்டிருந்தது! விளிம்பிற்குச் செல்லச் செல்ல அது வேண்டிய அளவினும் தட்டையாகப் போய், ஓரத்தில் இரண்டு மைக்ரான் அளவிற்கு வேறுபட்டது. இரண்டு மைக்ரான் என்பது நம் தலைமயிரின் தடிமத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. அவ்வளவிற்கே, ஒரு விண்மீனின் ஒளியில் நூற்றுக்கு 70 பங்கு ஒரு புள்ளியிற் குவிய வேண்டிய இடத்தில் சுமார் 15 பங்கே குவிந்தது. எஞ்சியது சுற்றிலும் புகைபோற் படர்ந்தது.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதே எம் போன்றோர் நெஞ்சைத் தொடும் பகுதி. ஆடி தேய்த்து முடித்ததும் அதன் வடிவைச் சரிபார்க்க ஓர் அளவுகருவி செய்திருந்தனர். இரண்டு சிற்றாடிகளும் ஒரு வில்லையும் கொண்ட கருவி அது. அவற்றிடையே உள்ள தொலைவை ஓர் உலோகக் கோலை வைத்து ஒளிக்கதிரால் அளந்து நிறுத்தினர். அக்கோலின் நுனியில் ஒரு மூடி இருந்தது. மூடியின்மேல் பூசிய கறுப்பு வண்ணத்தில் ஒரு சிறு பகுதி உதிர்ந்திருந்தது. கோலின் முனையிற் பட்டுத் திரும்ப வேண்டிய ஒளிக்கதிர், வண்ணம் உதிர்ந்த அந்த மூடியிற் பட்டுத் திரும்பியது. விளைவு, வில்லை தனக்குரிய இடத்தினின்று 1.3 மில்லிமீட்டர் விலகிப் பொருந்தியது. அவ்வாறு நிறுத்த முயன்றபோது திருகு அவ்வளவு தூரம் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று கேட்டிருக்க வேண்டிய இடம் அது. கேளாமல், நாம் கடையில் வாங்கும் வாஷர் போன்ற சிறு வளையங்கள் சிலவற்றை இடையே செருகி நிரவினர்.

வேறு அளவுகருவிகளும் அங்கே இருந்தன. துல்லியத்திற் குறைந்த அவ்விரண்டும் ஆடியில் பிழை உண்டு என்றே காட்டின. துல்லியம் மிக்க கருவி பிழையில்லை என்று கூறும்போது, துல்லியம் குறைந்தவற்றின் சாட்சியை ஏன் ஏற்க வேண்டும் என்று அவற்றைத் தள்ளிவிட்டனர். காலமும் பணமும் கைமீறிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. விசாரணைக் குழு 1990ஆம் ஆண்டு இறுதியில் அளித்த அறிக்கையில் இவை யாவும் தெளிவாக உள்ளன.

எம் பட்டறையிலும் ஒருமுறை இத்தகையது நிகழ்ந்தது. அச்சின் விட்டத்தை அளக்கும் இரண்டு கருவிகள் முரண்பட்டன. புதிய கருவி சொன்னதே மெய் என்று இளைஞராய் இருந்த யாம் வாதிட்டோம். எமக்கு மேலிருந்த ஃபோர்மேன், மலபார்ப் பக்கத்தவர், அதிகம் பேசாதவர், "இரண்டும் ஒன்று சொல்லும் வரையில் வண்டி வெளியே போகாது" என்று கூறி அச்சைப் பூட்டி வைத்தார். புதிய கருவிதான் பிழைபட்டிருந்தது. ஹபிளின் அறிக்கையைப் படித்தபோது அப்பெரியவர் முகமே எம் கண்முன் நின்றது.

ஆனால் ஹபிளைப் படைத்தோர் ஒரு செயலை முன்னறிவோடு செய்திருந்தனர். அதன் கருவிகளை மேசை இழுப்பறைகளைப்போல் வெளியே இழுக்கவும் புதியனவற்றை உள்ளே தள்ளவும் தக்கவாறு அமைத்திருந்தனர். ஆடியை மாற்ற இயலாது. எனினும் ஆடியின் பிழை இன்னது என்று அளவோடு தெரிந்துவிட்டமையால், அதற்கு நேரெதிரான பிழையுடைய சிற்றாடிகளை ஒளி செல்லும் வழியில் நிறுத்தினால் பார்வை தெளியும். நாம் கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி அணிவது போன்றதே. அச்சிற்றாடிகளை இயங்கும் தொலைநோக்கியின் உள்ளே எவ்வாறு கொண்டு நிறுத்துவது என்பது பெரும் புதிராயிருந்தது. ஜேம்ஸ் கிராக்கர் என்னும் பொறியாளர் ஜெர்மனியில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். குளியலறையில், கம்பியில் ஏறவும் இறங்கவும் மடங்கவும் வல்ல நீர்த்தூவியைக் கண்டார். அதே போன்று மடங்கி நீளும் கைகளில் நாணயமளவு ஆடிகளைப் பொருத்தலாமே என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. அறிவு எங்கே விளையும் என்று யாரால் கூற இயலும்!

1993ஆம் ஆண்டு டிசம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் எழுவர் சென்றனர். ஐந்து நாள் ஐந்து முறை வெளியே இறங்கி வேலை செய்தனர். தொலைபேசிக் கூண்டளவு பெரிய பெட்டியை உள்ளே பொருத்தினர். தன்னுள்ளேயே திருத்தம் அமைந்த புதிய ஒளிப்படக் கருவியையும் வைத்தனர். வெயிலிலிருந்து நிழலுக்கும் நிழலிலிருந்து வெயிலுக்கும் மாறுந்தோறும் நடுங்கித் தொலைநோக்கியையும் நடுக்கிய சூரியத் தகடுகளையும் மாற்றினர். 1994 ஜனவரியில் வெளியான படங்களைக் கண்டு உலகம் வியந்தது. மூன்றாண்டுகளாக நகைப்பிற்கு இடமாயிருந்த கருவி அந்நாள் முதல் போற்றப்படலாயிற்று.

பெருமக்களே, ஆடியின் கதை பலரும் கேட்டது. ஹபிளை மீண்டும் மீண்டும் மரணவாயில் வரை கொண்டு சென்றது ஆடியன்று என்பது அத்துணை அறியப்படவில்லை. அது கைரோஸ்கோப் என்னும் சிறு பொருள். தொலைநோக்கி எப்பக்கம், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பதை உணர்த்துவது அது. நம் பிள்ளைகள் ஆடும் பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலும் பம்பரம் தன் நிலையை விட்டுச் சாய மறுக்கிறது. ஹபிளின் கைரோஸ்கோப்பிலும் அவ்வாறே ஒரு சக்கரம் நிமிடத்திற்கு 19,200 சுற்றுச் சுழல்கிறது. அச்சக்கரம் ஓர் உருளைக்குள் அடைபட்டு, எஞ்சின் எண்ணெய்போல் கெட்டியான நீர்மத்தில் மிதக்கிறது. அதற்கு மின்சாரம் செல்வது மயிரிழை போன்ற மெல்லிய கம்பிகளின் வழியே. அந்நீர்மத்தில் ஊறி ஊறிக் கம்பி அரிக்கப்படுகிறது, ஒருநாள் அறுந்துபோகிறது. அறுந்தால் அந்தக் கைரோஸ்கோப் தீர்ந்தது.

அரிப்புக்குக் காரணம் யாது என்று ஆராய்ந்தபோது ஒரு வியப்பான செய்தி வெளிவந்தது. நீர்மத்தை உருளைக்குள் செலுத்துவதற்கு அழுத்திய காற்றைப் பயன்படுத்தியிருந்தனர். காற்றில் ஆக்சிஜன் உண்டல்லவா? அதுவே நீர்மத்திற் கலந்து கம்பியை அரித்தது. பின்னர்ச் செய்தவற்றில் காற்றுக்கு மாறாக நைட்ரஜனைப் பயன்படுத்தினர். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீன் மண்டலங்களைக் காணும் கருவி, தொழிற்சாலையில் ஒருவர் திறந்த காற்றுக் குழாயினால் குருடாயிற்று.

ஹபிளில் ஆறு கைரோஸ்கோப்புகள் உண்டு. நோக்குவதற்கு மூன்று வேண்டும். 1999ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் நான்காவது கெட்டது. எஞ்சியவை இரண்டே. தொலைநோக்கி தன் கதவை மூடிக்கொண்டு, சூரியனை நோக்கித் தகடுகளைத் திருப்பி வைத்து உறங்கலாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் விண்ணோடம் சென்று ஆறையும் மாற்றிற்று. 2002ஆம் ஆண்டிலும் ஒரு முறை சென்று பல பகுதிகளைப் புதுப்பித்தனர். இவ்வாறு சில ஆண்டுகளுக்கொருமுறை ஆள் சென்று செப்பம் செய்வதே முறையாக நிலைத்துவிடும் என்று யாவரும் நம்பியிருந்தனர்.

2003ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அந்நம்பிக்கை சிதறியது. பூமிக்குத் திரும்பிய கொலம்பியா விண்ணோடம் வானிலே உடைந்து எரிந்தது. எழுவரும் மாண்டனர். நம் நாட்டுக் கர்னாலில் பிறந்து வளர்ந்த கல்பனா சாவ்லா அவர்களுள் ஒருவர். அன்று இந்நகரிலும் வானொலிப் பெட்டி அருகே நின்று கண்ணீர் விட்டவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள்.

அடுத்த ஆண்டு ஜனவரியில், அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் தலைவராயிருந்த ஷான் ஓ'கீஃப், ஹபிளுக்கு இனி ஆளை அனுப்புவதில்லை என்று அறிவித்தார். பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குச் செல்லும் ஓடம் பழுதுபட்டால் அந்நிலையத்திலேயே தங்கி உயிர் பிழைக்கலாம். ஹபிள் சுற்றும் பாதையோ வேறு. அங்கிருந்து நிலையத்திற்குச் செல்ல ஓடத்திற்கு எரிபொருள் போதாது. ஆகவே அங்கே போய்ப் பழுதுபட்டால் புகலிடம் இல்லை. விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தனர், மக்களும் அவர் முடிவை எதிர்த்தனர். ஆள் செல்வதே ஏற்றது என்று அறிஞர் குழு ஒன்று 2004ஆம் ஆண்டின் இறுதியிற் பரிந்துரைத்தது.

இதில் எம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். ஓ'கீஃப்பைக் கோழை என்று எழுதியவர்கள் உண்டு. யாம் அவ்வாறு எண்ணவில்லை. எஞ்சினின் அடியில் ஆளை இறக்குமுன் சக்கரத்திற்குக் கட்டை கொடுத்திருக்கிறதா என்று பார்ப்பதே பட்டறையின் முதற் கடமை. கட்டை இல்லையென்றால் எவ்வளவு அவசரமான வண்டியாயினும் ஆள் இறங்கலாகாது. ஓ'கீஃப் பார்த்தது கட்டை இல்லாத வண்டியை. அவருக்குப் பின் வந்த மைக்கேல் கிரிஃபின் கட்டைக்கு வழி தேடினார். ஓடத்தின் வெப்பக் கவசத்தை வானிலேயே சோதிக்கும் முறைகள் அதற்குள் தேர்ந்திருந்தன. ஓர் ஓடம் ஹபிளுக்குச் செல்லும்போது, இன்னோர் ஓடத்தை ஏவுமேடையில் ஆயத்தமாக நிறுத்தி வைப்பது என்றும், முன்னது பழுதுபட்டால் பின்னது சென்று ஆட்களை மீட்பது என்றும் ஏற்பாடு செய்தபின் 2006 அக்டோபரில் அனுமதி அளித்தார். இருவர் செய்ததும் சரியே என்பது எம் துணிபு.

2009 மே மாதம் அட்லாண்டிஸ் ஓடம் புறப்பட்டது; எண்டெவர் மற்றொரு மேடையிற் காத்து நின்றது. அப்பயணத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2004ஆம் ஆண்டில் மின்வழங்கும் பகுதி கெட்டுச் செயலிழந்த நிறமாலைக் கருவி ஒன்று உண்டு. அது வானிற் பிரிப்பதற்கென்று செய்யப்பட்டதன்று. அதன் மூடித்தகட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு திருகுகள். அவற்றிற்கென்று தனிக் கருவிகள் செய்து, தப்பித்த திருகு மிதந்துபோய் ஆடியைக் கெடுக்காவண்ணம் பிடித்துவைக்கும் தகடும் செய்து எடுத்துச் சென்றனர். ஆனால் மைக் மாசிமினோ என்னும் வீரருக்கு இடர் வந்தது அந்த நூறு திருகுகளால் அன்று. அவற்றை அணுக மறைவாய் நின்ற ஒரு சாதாரணக் கைப்பிடியின் திருகு, தலை மழுங்கிச் சுற்றிற்று! இத்துணைக் கோடிப் பணமும் பயிற்சியும் ஒரு மழுங்கிய திருகிலே வந்து நின்றன. தரையிலிருந்த பொறியாளர்கள் அதே போன்ற கைப்பிடியை இழுத்துச் சோதித்துப் பார்த்து, கையால் ஓங்கி இழுத்தால் ஒடியும் என்று சொல்லியனுப்பினர். கூரிய விளிம்பு கையுறையைக் கிழித்தால் உயிருக்கே ஆபத்து. அவர் இழுத்தார், ஒடிந்து வந்தது, வேலை நடந்தது. இந்த அவையில் அமர்ந்துள்ள ஃபிட்டர்களும் மெக்கானிக்குகளும் மழுங்கிய திருகோடு மல்லாடிய நாட்களை எண்ணிப் புன்னகை செய்வதை யாம் காண்கின்றோம்.

விண்ணோடங்கள் 2011ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றன. அதன்பின் ஹபிளைத் தொட்டவர் ஒருவரும் இலர்.

மனிதர் கை சென்று தீண்ட இயலாத தொலைநோக்கிகள் பலவுண்டு. அவற்றுள் ஒன்றின் பெயரைக் கேட்டால் நமக்கு மகிழ்ச்சி பிறக்கும். 1999 ஜூலையில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகச் சந்திரா என்று பெயரிட்டனர். சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு பிறந்தது சென்னையிலன்று; இலாகூரில். அவர் தந்தையார் அங்கே இரயில்வேத் தணிக்கைப் பணியில் இருந்தார். தொழிலின் பொருட்டு ஊர்விட்டு வந்து வடபுலத்திற் குடியமர்ந்த தமிழ்க் குடும்பம் அது, நம்மைப் போன்றதே. பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, இங்கிலாந்து சென்று, அமெரிக்காவிற் குடியேறி, 1983இல் நோபெல் பரிசு பெற்றார்.

அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கியைச் சுமந்து சென்றதும் அதே கொலம்பியா ஓடம்தான் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. சந்திரா பூமியை நீண்ட முட்டைவடிவப் பாதையிற் சுற்றுகிறது. நிலவுக்குச் செல்லும் தொலைவில் மூன்றில் ஒரு பங்குவரை சென்று மீள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களைக் கடக்க வேண்டும். ஏவிய சில வாரங்களிலேயே அதன் ஒளிப்படக் கருவியின் உணர்திறன் குன்றத் தொடங்கிற்று. ஆராய்ந்ததில், எக்ஸ் கதிர்களைக் குவிப்பதற்கென்று செய்த ஆடிகளே, மெதுவாய் வரும் புரோட்டான் துகள்களையும் குவித்துக் கருவியின்மேல் வீழ்த்துகின்றன என்று கண்டனர். உடனே ஒரு வழி செய்தனர். வளையத்தைக் கடக்கும் வேளையிற் கருவியைக் குவியத்தினின்று ஒதுக்கி மறைத்துவைத்தனர். கடந்தபின் மீண்டும் கொண்டுவந்தனர். சேதம் அத்துடன் கட்டுப்பட்டது. ஐந்தாண்டு உழைத்தாற் போதும் என்று செய்த சந்திரா கால் நூற்றாண்டைக் கடந்தும் உழைத்து வருகிறது.

குளிரினால் வாழும் தொலைநோக்கிகள் வேறோர் இனம். அகச்சிவப்புக் கதிர் என்பது வெப்பத்தின் ஒளி. தொலைநோக்கியே சூடாயிருந்தால் தன் ஒளியே தன் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே திரவ ஹீலியத்தைச் சுமந்து சென்று, சுழிக்குக் கீழ் 269 பாகை அளவிற்குக் குளிர்விக்கின்றனர். ஹீலியம் நாளும் ஆவியாகிக்கொண்டே போகும். தீர்ந்தால் ஆயுள் தீர்ந்தது. 1983இல் சென்ற ஐராஸ் பத்துத் திங்கள் வாழ்ந்தது. 2009இல் சென்ற ஹெர்ஷல் 2,300 லிட்டருக்கு மேற்பட்ட ஹீலியத்தைச் சுமந்தும் நான்காண்டு நிறையவில்லை. திரி எரிந்து முடிந்த விளக்கைப் போல இவற்றிற்கு முடிவுநாள் முன்பே குறித்திருந்தது.

இவற்றுள் ஸ்பிட்சர் மட்டும் குறித்த நாளில் மறைய மறுத்தது. 2003இல் ஏவப்பட்ட அதன் ஹீலியம் 2009 மே மாதம் தீர்ந்தது. வெப்பம் ஏறிற்று. ஆனால் ஏறிய பின்னும் அது சுழிக்குக் கீழ் 240 பாகைக்கும் கீழேதான் இருந்தது. இரண்டு குறுகிய அலைநீளங்கள் அவ்வெப்பத்திலும் தெளிவாய்த் தெரிந்தன. அவ்விரண்டையே கொண்டு மேலும் பத்தாண்டுக்கு மேல் உழைத்தது. டிராப்பிஸ்ட் 1 என்னும் சிறு விண்மீனைப் பூமியளவுக் கோள்கள் ஏழு சுற்றுகின்றன என்ற செய்தி 2017இல் வெளிவந்து உலகையே தலைநிமிர்ந்து பார்க்கச் செய்ததல்லவா? அது ஸ்பிட்சரின் ஹீலியம் தீர்ந்த பின் கிடைத்த பேறு. 2020 ஜனவரி 30ஆம் நாள் அதனை நிறுத்தினர்.

சூரியனைச் சுற்றிவந்த கெப்ளரும் அத்தகையதே. கோள்களைத் தேடுவதற்கென்று 2009இல் சென்ற அதில், கலத்தைத் திருப்பி நிறுத்தும் சக்கரங்கள் நான்கு. மூன்றாவது இருந்தால்தான் ஒரு திசையை அசையாது நோக்க இயலும். 2012இல் ஒன்றும் 2013இல் மற்றொன்றும் நின்றுவிட்டன. இரண்டு காலுடைய முக்காலியை நிறுத்துவது எப்படி? சூரிய ஒளி தன்மேல் பட்டதை இலேசாகத் தள்ளும் இயல்புடையது. அவ்வொளி கலத்தின் இருபுறமும் சமமாகப் படும்படி நிறுத்தி, அத்தள்ளலையே மூன்றாவது காலாகக் கொண்டனர். எரிபொருள் தீர்ந்து 2018 அக்டோபரில் ஓய்வு பெறும்வரை அவ்வாறே நடத்தினர். அதற்குள் 2,600க்கு மேற்பட்ட கோள்களை அது கண்டறிந்திருந்தது.

வெற்றிகளையே அடுக்கினால் உண்மைக்கு மாறாகும். ஜப்பானியரின் கதையைக் கேளுங்கள். எக்ஸ் கதிரின் ஆற்றலை மிக நுட்பமாக அளக்கும் ஒரு கருவியை வானிலேற்ற அவர்கள் அமெரிக்கரோடு கூடி முயன்றனர். 2000ஆம் ஆண்டில் ஏவுகணை தவறி முதற்கலம் அழிந்தது. 2005இல் சுசாகு என்னும் கலம் சென்றது. அதன் ஹீலியம் சில வாரங்களில் ஆவியாகிப்போய் அக்கருவி மட்டும் பயனற்றதாயிற்று. மூன்றாவதாக 2016 பிப்ரவரி 17ஆம் நாள் ஹிட்டோமி சென்றது. ஹிட்டோமி என்றால் கண்மணி என்று பொருள். கருவி அருமையாக வேலை செய்தது. பெர்சியூஸ் விண்மீன் மண்டலக் கூட்டத்தின் வெப்ப வாயு எதிர்பார்த்ததினும் அமைதியாக உள்ளது என்று கண்டு சொல்லிற்று.

மார்ச் 26ஆம் நாள் எல்லாம் முடிந்தது. கலம் சுழலாமல் இருந்தபோது, சுழல்வதாக அதன் உணர்கருவி தவறாகக் கூறிற்று. இல்லாத சுழற்சியை நிறுத்த எண்ணிச் சக்கரங்கள் இயங்க, கலம் மெய்யாகவே சுழலத் தொடங்கியது. ஆபத்து என்றுணர்ந்த கலம், சிறு ராக்கெட்டுகளை எரித்துச் சுழற்சியை அடக்க முயன்றது. ஆனால் அந்த ராக்கெட்டுகளுக்கு முன்னரே தரையிலிருந்து அனுப்பிய கணக்கில் எண்கள் பிழையாயிருந்தன. அடக்க வேண்டியவை மேலும் சுழற்றின. சூரியத் தகடுகள் பிய்த்தெறியப்பட்டன. ஆறு வாரங்கூட நிரம்பாத வாழ்வு! கண்மணி என்று பெயரிட்டவர்கள் அந்நாளில் என்ன பாடுபட்டிருப்பர்!

அவர்கள் சோரவில்லை. 2023 செப்டம்பரில் நான்காவது முறையாக எக்ஸ்ரிசம் என்னும் கலத்தை ஏவினர். ஹீலியமும் இருக்கிறது, கருவியும் நலமாய் இயங்குகிறது. ஆனால் கருவியின் முன்னுள்ள சிறு கதவு திறக்க மறுத்துவிட்டது! கதவில் பெரிலியத் தகடாலான மெல்லிய சாளரம் ஒன்று உண்டு. வலிமை குறைந்த எக்ஸ் கதிர்கள் அதனைக் கடக்கா, வலியவை கடக்கும். கடந்து வருவதைக் கொண்டே நல்ல ஆராய்ச்சிகளை நிகழ்த்தி வருகின்றனர்.

நம் நாட்டுக்கு வருவோம், இந்நகருக்கே வருவோம். தென்கோடியில் கொலாபாவில் கடலை நோக்கி நிற்கும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை நாம் யாவரும் பேருந்திற் கடந்து சென்றிருப்போம். 2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஆஸ்ட்ரோசாட்டின் எக்ஸ் கதிர்க் கருவிகளிற் பெரும்பாலனவற்றின் தாய்வீடு அதுவே. இந்தியாவின் முதல் வானாய்வுத் தொலைநோக்கிக் கலம் அது. ஐந்தாண்டு வாழ்ந்தாற் போதும் என்று அனுப்பினர். செனான் வாயு நிறைந்த மூன்று பெரிய உணர்கலங்களுள் ஒன்றில் வாயு கசிந்தது. மற்றொன்றின் அளவு நம்பத்தக்கதாயில்லை. மூன்றாவது தளராது உழைத்தது. பெங்களூரில் உருவான புற ஊதாத் தொலைநோக்கியில் ஒரு பிரிவு 2018இல் செயலிழந்தது. தொலைப்புற ஊதாப் பிரிவு நிலைத்து நின்றது. இவ்வாறு ஓர் உறுப்பு இழந்தும் மற்றோர் உறுப்பால் உழைத்து, 2025 செப்டம்பரில் அது பத்தாண்டை நிறைவு செய்தது. நம் செய்தித்தாள்கள் ஏவும் நாளன்று முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதின. பத்தாண்டு நிறைந்த நாளில் மூலையில் நான்கு வரி. தொடங்குவதைக் கொண்டாடுமளவு பேணுவதை நாம் கொண்டாடுவதில்லை என்ற வருத்தம் எமக்குண்டு. பராமரிப்புத் தொழிலில் இருந்தவர்களின் பழைய வருத்தம் இது, பொறுத்தருள்க.

2021 டிசம்பர் 25ஆம் நாள் சென்ற ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நிலவைப்போல் நான்கு மடங்குத் தொலைவு. அங்கே ஆள் செல்லும் பேச்சே இல்லை. மடித்து அனுப்பிய அது விரிந்து நிலைபெறுவதற்குள், ஒன்று தவறினாலும் எல்லாம் கெடும் என்னும் இடங்கள் 344 இருந்தன. ஒன்றும் தவறவில்லை. ஏவிய ஏரியான் ராக்கெட் வழி பிசகாது கொண்டுசென்றமையால் எரிபொருள் மிஞ்சி, இருபதாண்டுக்கு மேல் போதும் என்று கணக்கிட்டுள்ளனர். 2022 மே மாதம் எதிர்பார்த்ததினும் பெரிய விண்துகள் ஒன்று மோதி, 18 ஆடிகளுள் ஒன்றில் ஆறாத தழும்பு ஏற்பட்டது. பார்வைக்குப் பெரிய குறையில்லை.

சென்ற திங்கள் சங்க நூலகத்தில் ஒரு முதிய அன்பர் எம்மிடம், "புதியது போய்விட்டதே, பழைய ஹபிள் இனி எதற்கு?" என்று வினவினார். வெப் காண்பது பெரும்பாலும் அகச்சிவப்பை. புற ஊதாவில் ஹபிள் காண்பதை வெப் காணாது. அதனால்தான் இன்றும் உலகெங்கிலுமிருந்து அதன் நேரத்தை வேண்டி விண்ணப்பிக்கின்றனர்.

அதன் இன்றைய நிலையைச் சொல்லி முடிக்கிறோம். 2009இல் பொருத்திய ஆறு கைரோஸ்கோப்புகளுள் மூன்று 2018க்குள் அறுந்தன. எஞ்சிய மூன்றனுள் ஒன்று பிழையான அளவுகளைக் கூறிக்கொண்டேயிருந்தது. 2024 மே மாதம் அது மீண்டும் பிழைபட, ஜூன் முதல் ஒரே கைரோஸ்கோப்பைக் கொண்டு நடத்துகின்றனர். நலமாயுள்ள மற்றொன்றை இருப்பில் வைத்துள்ளனர். விண்மீன்களையும் சூரியனையும் பார்த்துத் திசையறியும் உணர்கருவிகள் எஞ்சிய குறையை ஈடுசெய்கின்றன. திரும்புவதற்குக் கூடுதல் நேரமாகிறது. செவ்வாயினும் அண்மையில் நகரும் பொருளைத் தொடர்ந்து நோக்க இயலாது. ஏனைய நோக்குகள் நடக்கின்றன.

ஹபிளுக்குத் தன்னை உயர்த்திக்கொள்ளும் ராக்கெட் இல்லை. 600 கிலோமீட்டருக்கு மேலிருந்து தொடங்கிய அது, மெல்லிய காற்றின் உராய்வால் இறங்கி, 520 கிலோமீட்டருக்கும் கீழே வந்துவிட்டது. தனியார் கலம் ஒன்றைக் கொண்டு அதனை மேலே தள்ளலாமா என்று 2022இல் ஆராயத் தொடங்கினர். தொடுவதனால் வரக்கூடிய கேடு அஞ்சத்தக்கது என்று 2024இல் அதனை இப்போதைக்கு ஒத்திவைத்தனர். தள்ளாவிடில் அடுத்த பத்தாண்டில் அது பூமியை நோக்கி விழும். 2009இல் கடைசியாகச் சென்றவர்கள், பின்னொரு நாள் வேறொரு கலம் வந்து பற்றிக்கொள்வதற்கென்று அதன் அடிப்பாகத்தில் ஒரு வளையத்தைப் பொருத்திவிட்டுத் திரும்பினர். அவ்வளையம் அங்கே அப்படியே இருக்கிறது.